மீன்பிடி கயாக்கில் மோட்டார் போடலாமா?

"அண்ணே, 55 பவுண்டு மோட்டார் ஒண்ணு ஆஃபர்ல கிடக்கு. வாங்கிப் போட்டுரவா?"

போன மாதம் தம்பி ஒருவன் அனுப்பிய செய்தி. சிட்னியின் மேற்கே தூங்காபியில் இருக்கிறான். 12 அடி மீன்பிடி கயாக், அதாவது ஓர் ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒடுக்கமான படகு, வாங்கி ஆறு மாதம் ஆகிறது. ஒரு வரியில் பதில் போட மனசு வரவில்லை. நான் மூன்று வருடம் வெறும் துடுப்போடு போனவன். அப்புறம் ஒரு கோடை முழுக்க நண்பரின் பெடல் கயாக்கை ஓட்டிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் மோட்டார் பொருத்தினேன். மூன்றையும் பார்த்துவிட்டதால், இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எங்கே போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்பி வருகிறாய்?

ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதற்கு ஒரு நாள் கதை சொல்ல வேண்டும்.

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஹாக்ஸ்பரி ஆற்றில், புரூக்ளின் பக்கம் பார்ஸ்லி பே இறக்குதளத்தில் விடியும்போதே கயாக்கை இறக்கிவிட்டேன். ரயில் பாலத்தைத் தாண்டி, நெடுஞ்சாலைப் பாலங்களையும் தாண்டி, மில்சன் தீவு வரை போயாயிற்று. கடலின் ஏற்ற இறக்கம் அங்கே வரை வரும். போகும்போது ஆறு இறங்கி முடிகிற நேரம், எதிர்ப்பே தெரியவில்லை. இரண்டு ஃப்ளாட்ஹெட் மீன் கிடைத்தது, பெரியது 52 சென்டிமீட்டர். 11 மணிக்குத் திரும்பலாம் என்று கயாக்கைத் திருப்பினேன். அமாவாசை கழிந்து நான்காம் நாள் அது. உயர்மட்டம் பகல் ஒரு மணிக்கு மேல்தான். கடல் முழு மூச்சில் ஆற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. போதாததற்கு வடகிழக்குக் காற்றும் எழுந்துவிட்டது. சிட்னிக் கோடையில் முக்கால்வாசி நாள் முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் 15, 20 நாட் வேகம் வரை போகிற காற்று. திசையை வைத்துப் பார்த்தால் நம்மூர் வாடை. ஆனால் இங்கே சுள்ளென்ற வெயிலில் வீசும்.

நெடுஞ்சாலைப் பாலத்துத் தூண் ஒன்றைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே துடுப்புப் போட்டேன். தூணில் ஒட்டியிருந்த சிப்பி வரிசையில் வெள்ளையாக ஒரு திட்டு. பத்துத் தடவை துடுப்பு இழுத்துவிட்டுப் பார்க்கிறேன், அதே திட்டு அதே இடத்தில் நிற்கிறது. இருபது இழுப்பு, அப்போதுதான் ஒரு முழம் பின்னால் போகிறது. தோள்பட்டையில் ஊசி குத்துகிற மாதிரி வலி. தண்ணீர் குடிக்கத் துடுப்பை மடியில் வைத்தேன், போத்தலை மூடுவதற்குள் தூண் மறுபடி எனக்கு முன்னால் நின்றது. கரை சேர மதியம் இரண்டு ஆனது. வீட்டில் கார் சாவியைக் கையில் பிடிக்க முடியவில்லை, விரல்கள் மடங்கிய வாக்கிலேயே இருந்தன.

அன்று நடந்ததற்குப் பின்னால் சின்னக் கணக்கு ஒன்று இருக்கிறது. மோட்டார் முடிவே அதில்தான் இருக்கிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். சராசரி ஆள் 12 அடி கயாக்கைக் களைக்காமல் 3 நாட் வேகத்தில் தள்ளலாம். எதிரே ஆறு 2 நாட் வேகத்தில் வந்தால் மிஞ்சுவது ஒரு நாட். நாலு கிலோமீட்டர் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், காற்றைக் கணக்கில் சேர்க்காமலே. இதே கயாக் 4 நாட் போனால்? வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது, ஆனால் மிஞ்சுவது 2 நாட். பயண நேரம் சரிபாதி. சின்ன மோட்டார் தருகிற லாபம் முழுக்க இந்த ஒரு நாட் வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அமைதியான ஏரியில் அதே ஒரு நாட்டுக்குப் பெரிய மதிப்பில்லை.

அதனால் எதிர்நீரில் திரும்ப வேண்டிய நிலைமை உங்களுக்கு வருகிறதா என்று முதலில் பாருங்கள். ஆஸ்திரேலிய வானிலை ஆய்வகம் ஒவ்வொரு இடத்துக்கும் ஏற்ற இறக்க அட்டவணை போடுகிறது, இலவசம். ஏறும்போது மேலே போய், இறங்கும்போது கீழே வந்தால் ஆறே உங்களைத் தூக்கிக்கொண்டு வந்து விடும். அன்றைக்கு நான் ஏதாவது ஒரு மணல் கரையில் ஒதுங்கி ஒன்றரை மணி வரை உட்கார்ந்திருந்தால் பாதி உழைப்பில் வந்திருப்பேன். மாலையில் குடும்பத்தோடு ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டியிருந்தது, அதனால் காத்திருக்க முடியவில்லை. காத்திருக்க முடிந்தவர்களுக்கு ஒரு டாலர் செலவில்லாத வழி இது. ஒப்பீடு என்று வந்தால் இதைத்தான் முதல் வரிசையில் வைப்பேன்.

துடுப்போடு இருந்துவிடலாமா

உங்கள் மீன்பிடி இடம் இறக்குதளத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் என்றால், காலை பத்து மணிக்குள் கரையேறிவிடுவீர்கள் என்றால், இருந்துவிடலாம். மோட்டாருக்கு ஒதுக்கிய பணத்தில் நாலில் ஒரு பங்கை நல்ல துடுப்புக்குச் செலவு செய்யுங்கள். கயாக்கோடு இலவசமாகத் தருகிற அலுமினியத் துடுப்பு 1.2 கிலோ இருக்கும். கார்பன் துடுப்பு 800 கிராம். 400 கிராம் வித்தியாசம் கடையில் கையில் பிடித்துப் பார்க்கும்போது ஒன்றுமே இல்லை. ஒரு மணி நேரத்தில் 2,500 இழுப்பு போட்டால் கை கூடுதலாகத் தூக்கியது ஒரு டன். என் தோள்வலியில் பாதி துடுப்பை மாற்றியதிலேயே போனது.

துடுப்பின் இன்னொரு பெருமை, புறப்படுகிற வேகம். கார் கூரையிலிருந்து இறக்கி, சக்கர வண்டியில் வைத்துத் தள்ளி, தண்ணீரில் விடப் பத்து நிமிடம். மோட்டார் போட்ட பிறகு எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. திரும்பி வந்து கழுவுவதும் அதே அளவு கூடியிருக்கிறது. வேலை முடிந்து சாயங்காலம் இரண்டு மணி நேரம் போய்விட்டு வரலாம் என்று நினைக்கிறவருக்கு அது பெரிய விலை. அப்படிப்பட்ட சாயங்காலங்களில் நான் இன்றைக்கும் மோட்டாரை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போகிறேன்.

துடுப்பில் தீராத குறை ஒன்று உண்டு. இரண்டு கையும் அதற்கே வேண்டும். காற்றில் கயாக் ஒதுங்கிக்கொண்டிருக்கும்போது தூண்டிலில் மீன் அடித்தால் எதைப் பிடிப்பது? அந்தக் குறையைத்தான் பெடல் தீர்க்கிறது.

பெடல் கயாக்

ஹோபி நிறுவனம் 1997-ல் மிராஜ் டிரைவ் என்ற மிதி அமைப்பைக் கொண்டுவந்தது. பெங்குவின் இறக்கை மாதிரி இரண்டு துடுப்புகள் அடியில் பக்கவாட்டில் அடித்துக்கொள்ளும். மற்ற பல நிறுவனங்கள் சைக்கிள் பெடல் போல மிதித்தால் விசிறி சுற்றுகிற முறையைப் பின்பற்றுகின்றன. இரண்டிலும் வேலை கால்களுக்கு. தொடைத் தசை தோள்தசையைவிட எவ்வளவோ பலமானது, மணிக்கணக்கில் சலிக்காது. நண்பரின் கயாக்கில் கிங்ஃபிஷ் தேடி ஒரு காலை முழுக்க மிதித்தேன், மறுநாள் உடம்பில் ஒன்றுமே தெரியவில்லை. கை இரண்டும் தூண்டிலுக்கு. பேட்டரி இல்லை, கம்பி இல்லை, சார்ஜ் கவலை இல்லை. மனித பலத்தில் ஓடுவதால் எந்த மாநிலத்துக்குக் கொண்டுபோனாலும் பதிவுப் பிரச்சினையும் வராது.

இன்னும் கயாக்கே வாங்காதவர், உடம்பு நன்றாக இருக்கிறவர், முழங்கால் வலி இல்லாதவர் என்றால் நான் தயங்காமல் பெடல் பக்கம் கை காட்டுவேன். ஆனால் தம்பி ஏற்கெனவே துடுப்புக் கயாக் வாங்கிவிட்டான். அதன் நடுவில் பெடல் இறக்குவதற்கான துளை கிடையாது. பெடல் வேண்டுமானால் கயாக்கையே மாற்ற வேண்டும், புதியது பல ஆயிரம் டாலர். எடையும் ஏறும். ஹோபியின் 14 அடி புரோ ஆங்லர் எல்லாம் பூட்டிய நிலையில் 60 கிலோவைத் தாண்டும், தனி ஆளாகக் கூரையில் ஏற்றுவது நடக்காது. ஆழம் குறைந்த இடத்தில் விசிறி வகை தரை தட்டும். ஹோபியின் இறக்கைகளை அடிப்பலகையோடு ஒட்டினாற்போல் மடக்கிக்கொள்ளலாம், அது அதற்கு உள்ள தனிச்சிறப்பு.

மோட்டார் என்றால் எந்த மோட்டார்

பவுண்டு கணக்கைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது குதிரைத்திறன் கிடையாது, தண்ணீரைத் தள்ளுகிற விசை. 12 வோல்ட் மோட்டாரில் 30 பவுண்டு வகை உச்சத்தில் 30 ஆம்பியரை ஒட்டி இழுக்கும், 55 பவுண்டு வகை 50 ஆம்பியர். 50 ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் 600 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆக 55 பவுண்டு என்று பெரிதாக எழுதியிருந்தாலும் ஒரு குதிரைக்கும் குறைவு.

அப்படியென்றால் பெரியதாகவே வாங்கிவிடலாமே என்று தோன்றும். கயாக்கின் உடம்பு அதற்கு விடாது. நீரைக் கிழித்துப் போகிற எந்தப் படகுக்கும் அதன் நீளம் ஒரு வேக எல்லை போடுகிறது. நீர்மட்டத்தில் படிகிற நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த வேகம் நாட் கணக்கில் வரும். 12 அடிக்கு 4.6 நாட், மணிக்கு எட்டரை கிலோமீட்டர். அதை நெருங்க நெருங்க, தான் எழுப்பிய அலை மேலேயே ஏறப் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். பின்புறம் அமுங்கும், அணியம் தூக்கும், ஆம்பியர் எகிறும், வேகம் மட்டும் கூடாது. 30 பவுண்டு மோட்டாரே அந்த எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். தம்பி கண் வைத்த 55 பவுண்டில் பாதி விசை அவனுக்குப் பயனில்லாமல் தூங்கும்.

எல்லைக்குக் கீழேயும் ஒரு ரகசியம் இருக்கிறது. வேகத்துக்குத் தேவையான திறன் ஏறக்குறைய அந்த வேகத்தின் முப்படியாக ஏறுகிறது. மாற்றிச் சொன்னால், வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரச் செலவு பாதியாகிவிடும். என் கயாக்கில் 4 நாட் போக 22 ஆம்பியர் எடுக்கிறது, 3 நாட்டுக்கு 10 ஆம்பியர்கூட ஆவதில்லை. 50 ஆம்பியர்-மணி பேட்டரியில் முன்னதற்கு இரண்டு மணி நேரம், பின்னதற்கு நாலரை. முழு வேகத்தில் போகிறவர்கள்தான் "பேட்டரி நிற்க மாட்டேங்குது" என்று புலம்புகிறார்கள்.

இந்தச் சிக்கனம் வேகக் கட்டுப்பாட்டின் வகையையும் பொறுத்தது. மலிவு மோட்டார்களில் ஐந்து படி வேகம் இருக்கும். அவற்றில் குறைந்த படியில் வைத்தாலும் மிச்சமாகும் மின்சாரத்தில் ஒரு பகுதி உள்ளே சூடாக வீணாகும். மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக விட்டு வேகத்தைக் கட்டுப்படுத்துகிற வகை விலை கூட. ஆனால் கயாக் ஆள் நாள் முழுக்கக் குறைந்த வேகத்தில்தான் ஓட்டப்போகிறார், அவருக்கு அந்தக் கூடுதல் விலை பேட்டரியில் திரும்பக் கிடைத்துவிடும்.

பொருத்துகிற இடத்தை வைத்துப் பார்த்தால் மூன்று வழி. முதலாவது, சின்ன மீன்பிடிப் படகுகளில் மாட்டுகிற சாதாரண மோட்டாரை ஒரு சட்டம் அடித்துப் பக்கவாட்டிலோ பின்னாலோ மாட்டுவது. வாட்டர்ஸ்நேக், மின்கோட்டா என்று எந்தக் கடையிலும் கிடைக்கும், உதிரிப் பாகமும் கிடைக்கும். நான் செய்தது இதுதான். இரண்டாவது, கயாக்குக்கென்றே செய்த சின்ன மோட்டார். பிக்ஸ்பி, சுக்கான் இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். டோர்கீடோவின் அல்ட்ராலைட் 400 வாட் மோட்டாரும் மிதக்கிற பேட்டரியும் சேர்ந்தே வருகிறது. எடை குறைவு, கம்பி வேலை இல்லை, கழற்றி மாட்ட இரண்டு நிமிடம். விலை மட்டும் முதல் வழியைப் போலப் பல மடங்கு. பேட்டரி கெட்டால் அவர்களிடமே வாங்க வேண்டும்.

மூன்றாவது, ஜிபிஎஸ் நங்கூரம் உள்ள மோட்டார். ஒரு பொத்தானை அமுக்கினால் செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டு அந்த இடத்திலேயே கயாக்கை நிறுத்தி வைக்கும். மின்கோட்டா இதற்கு ஸ்பாட்-லாக் என்று பெயர் வைத்திருக்கிறது. ஓல்டு டவுன் நிறுவனம் 2020-ல் இதைக் கயாக்கின் நடுவிலேயே பதித்து ஆட்டோபைலட் என்று வெளியிட்டது. ஆழமான குழியில் ஜூஃபிஷுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு இது வரம். ஜூஃபிஷ் நம்மூர் கத்தாழை வகையறா, வேகமான நீரில் குழி ஓரமாகத்தான் நிற்கும். அங்கே கயிறு நங்கூரம் போடுவது ஆபத்து. கயிறு பக்கவாட்டில் இழுத்தால் நீரோட்டம் கயாக்கைக் கவிழ்த்துவிடும். ஆனால் ஒரே இடத்தில் நிற்கிறது என்பதற்காக மின்சாரம் செலவாகவில்லை என்று நினைக்கக் கூடாது. 2 நாட் நீரில் நிற்பதும், அசையாத நீரில் 2 நாட் ஓடுவதும் மோட்டாருக்கு ஒரே வேலைதான்.

பேட்டரியும் எடையும்

மோட்டாரைவிட இங்கேதான் அதிகம் யோசிக்க வேண்டும். 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி 30 கிலோவை ஒட்டி வரும். பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், எனவே கையில் கிடைப்பது 50 ஆம்பியர்-மணிதான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 50 ஆம்பியர்-மணி ஆறு கிலோ, அதில் முக்கால் பங்குக்கு மேல் தாராளமாகப் பயன்படுத்தலாம். கயாக்கில் ஈய பேட்டரி போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

எடைக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். என் பழைய கயாக்கின் தாங்குதிறன் 160 கிலோ என்று போட்டிருந்தது. அது மூழ்காமல் இருப்பதற்கான அளவு. நிம்மதியாக மீன் பிடிக்க அதில் 70 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அனுபவசாலிகள் வைத்திருக்கும் கணக்கு, அதாவது 112 கிலோ. நான் 82. தூண்டில், பெட்டி, இருக்கை 15. தண்ணீர், சாப்பாடு, ஐஸ் 8. மொத்தம் 105. மோட்டார் 10, பேட்டரி 6 சேர்த்தால் 121. மீன் கிடைக்கும் முன்பே எல்லை தாண்டியாயிற்று. முதல் நாள் மோட்டாரும் பேட்டரியும் இரண்டுமே பின்னால் இருந்தன. பின்பக்கத்து வடிதுளை வழியாகத் தண்ணீர் ஏறி இருக்கைக்கடியில் தேங்கியது. பேட்டரியை என் காலுக்கு முன்னால் நகர்த்தி, பாதிச் சாமான்களை வீட்டில் விட்ட பிறகுதான் கயாக் நிமிர்ந்தது. அடுத்த வருடம் தாங்குதிறன் கூடிய கயாக்காக மாற்றினேன். தம்பி, உன் கயாக்கின் ஒட்டுத்தாளை முதலில் படி.

லித்தியம் வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஈய பேட்டரி தீரும்போது மோட்டார் மெல்ல மெல்லச் சோர்ந்து தகவல் சொல்லும். லித்தியம் சொல்லாது. கடைசி வரை 13 வோல்ட்டிலேயே நின்று, திடீரென்று உள்ளே இருக்கும் காவல் மின்சுற்று துண்டித்துவிடும். வோல்ட் மீட்டரைப் பார்த்து ஓட்டினால் நடுவாற்றில் நிற்பீர்கள். உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியரை எண்ணுகிற மீட்டர் நாற்பது டாலருக்குக் கிடைக்கிறது, அதை மாட்டிவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும்.

கம்பி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வெள்ளீயம் பூசிய தடித்த செம்புக் கம்பி, பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே, மின்சாரம் மிஞ்சினால் துண்டிக்கிற ஒரு பிரேக்கர், கழற்றி மாட்ட ஆண்டர்சன் பிளக். சாதாரணச் செம்புக் கம்பி உப்புக் காற்றில் ஒரே வருடத்தில் உறைக்குள்ளேயே பச்சை பிடித்துவிடும்.

என் செலவு இது: மோட்டார் 320, பேட்டரி 380, அதற்கான சார்ஜர் 110, பெட்டியும் கம்பியும் பிரேக்கரும் 130, பொருத்துகிற சட்டம் 140. ஆக 1,080 ஆஸ்திரேலிய டாலர். ஆஃபரில் பார்க்கிற மோட்டார் விலை, மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

சட்டம்

நியூ சவுத் வேல்ஸில் தொந்தரவு இல்லை. 4 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள எஞ்சினுக்கும், 5.5 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுக்கும்தான் பதிவு. ஓட்டுநர் உரிமம் 10 நாட்டும் அதற்கு மேலும் வேகம் போனால்தான் கேட்பார்கள். நம் மோட்டார் ஒரு கிலோவாட்டைக்கூடத் தொடாது. குவீன்ஸ்லாந்தில் பதிவு எல்லை 3 கிலோவாட். ஆனால் எல்லை தாண்டி விக்டோரியாவுக்குப் போனால் நிலைமை வேறு. அங்கே எவ்வளவு சின்ன மின்மோட்டார் போட்டாலும் கயாக்கைப் பதிவு செய்ய வேண்டும், உரிமமும் வேண்டும். விடுமுறையில் மெல்பர்ன் பக்கம் கயாக்கைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் மோட்டாரை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது. அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களும் தங்கள் மாநிலத்தைப் பாருங்கள். டெக்சாஸ் போன்ற இடங்களில் மின்மோட்டார் மாட்டிய கணமே கயாக் பதிவுக்கு உரிய படகாகிவிடுகிறது.

பயமுறுத்துகிற ஒன்று

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும்? துடுப்புக் கயாக் உங்கள் பக்கத்திலேயே மிதக்கும். மோட்டார் கயாக் உங்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். 3 நாட் வேகத்தில் போகிற கயாக்கை லைஃப் ஜாக்கெட்டோடு நீந்திப் பிடிக்க யாராலும் முடியாது. கயாக்குக்கென்று செய்த பல மோட்டார்களில் காந்தச் சாவி ஒன்று கயிற்றோடு வரும். மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால், விழும்போது சாவி பிடுங்கிக்கொண்டு மோட்டார் நின்றுவிடும். கைப்பிடி திருகி ஓட்டுகிற சாதாரண மோட்டாரில் அது கிடையாது. நான் தனியாக வாங்கி இணைத்தேன். இதைச் செய்யாமல் மோட்டார் கயாக்கில் ஏறாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இடுப்பளவு தண்ணீரில் ஒருநாள் வேண்டுமென்றே கவிழ்த்து, பேட்டரிப் பெட்டி இடத்தில் நிற்கிறதா, மறுபடி ஏற முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். மெரைன் ரெஸ்க்யூ செயலியில் போகிற இடத்தையும் திரும்புகிற நேரத்தையும் பதிந்துவிட்டுப் போக இரண்டு நிமிடம் போதும்.

துடுப்பைக் கூடவே எடுத்துப் போக வேண்டும் என்பதும் இதே கணக்கில் சேரும். அப்பா தூத்துக்குடியில் வள்ளத்தில் பாய் கட்டிப் போன தலைமுறை. மிஷின் வைத்த பிறகும் அவர் பாயையும் கம்பையும் பல வருடம் இறக்கவே இல்லை. இடத்தை அடைக்கிறது என்று கூட வருகிறவர்கள் சொல்வார்களாம், அவர் கேட்கவில்லை. அது எவ்வளவு சரி என்று எனக்குப் புரிந்தது போன பிப்ரவரியில். டாங்கர் தீவுக்கு வெளியே மோட்டார் உறுமியது, கயாக் நகரவில்லை. துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்து விசிறியைக் கழற்றிப் பார்த்தேன். யாரோ விட்டுப்போன பின்னல் நைலான் இழை, விசிறிக்கும் உடம்புக்கும் நடுவே நூறு சுற்று சுற்றி, சூட்டில் உருகிப் பச்சை மோதிரம் மாதிரி இறுகியிருந்தது. விசிறியைப் பிடித்திருந்த சின்ன ஆணி இரண்டாக ஒடிந்திருந்தது. மோட்டாரைக் காப்பாற்றத்தான் அந்த ஆணி ஒடிகிற மாதிரி செய்திருக்கிறார்கள். இழையைக் கத்தியால் சீவி எடுக்க அரை மணி. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் தண்ணீர் புகாமல் காக்கிற சீல் வளையத்தை அறுத்துத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். இப்போது மூன்று பயணத்துக்கு ஒருமுறை விசிறியைக் கழற்றிப் பார்க்கிறேன். உபரி ஆணியும் ஒரு ஸ்பேனரும் எப்போதும் பெட்டியில் உண்டு.

உப்புநீரில் ஓட்டுகிறவர்கள் வாங்கும்போதே அதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மின்கோட்டா கடலுக்கென்று ரிப்டைட் என்ற வரிசையைத் தனியாகவே வைத்திருக்கிறது. எந்த மோட்டாராக இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், அரித்துப்போகிற துத்தநாகத் துண்டு இருந்தால் அதை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

என் முடிவும் தம்பியின் முடிவும்

எனக்கு மோட்டார் சரி. வயது 52, வலது தோள் இனி மூன்று மணி நேரம் எதிர்நீர் தாங்காது. ஹாக்ஸ்பரியின் தொலைவுகள் எனக்குப் பிடிக்கும். பெடல் கயாக்குக்கு மாறப் பணமில்லை. மீன் பிடிக்கும் நேரத்தில் மோட்டாரை நான் பெரும்பாலும் அணைத்தே வைக்கிறேன். ஃப்ளாட்ஹெட்டுக்கு மணல் திட்டு மேல் நீரோட்டத்தோடு மிதந்து ஒதுங்கிப் போவதுதான் முறை. ஒதுங்கி முடிந்ததும் மோட்டாரில் மேலே ஏறி மறுபடி அதே திட்டில் ஒதுங்குவேன். துடுப்பில் காலைக்கு மூன்று தடவை, இப்போது எட்டு. ஒரு மீட்டர் ஆழத்தில் பிரீம் மீன் தேடும்போது மட்டும் மோட்டாரைத் தூக்கிவிடுவேன், அந்த முனகலுக்கே ஓடிவிடுகின்றன. போகும்போது பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவழிக்க மாட்டேன். மோட்டார் செத்தாலும் துடுப்பில் திரும்ப முடிகிற தூரத்தைத் தாண்டியும் போக மாட்டேன்.

தம்பிக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரு படம் அனுப்பினான். வரைபடத்தில் அவன் மீன் பிடித்த ஏழு இடங்களையும் குறித்து, இறக்குதளத்திலிருந்து தூரம் எழுதியிருந்தான். ஆறு இடம் ஜார்ஜஸ் ஆற்றில், எல்லாமே ஒன்றரை கிலோமீட்டருக்குள். ஏழாவது போட்டனி பேயில், மூன்று கிலோமீட்டர், அங்கே ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறான். ஒட்டுத்தாளில் தாங்குதிறன் 150 கிலோ. அவன் எடை 88.

"அண்ணே, இப்போதைக்கு வேணாம் போல. துடுப்பை மட்டும் மாத்திக்கிறேன். அடுத்த கோடைக்குப் பெடல் கயாக் பழசு எதாவது வந்தா சொல்லுங்க" என்று எழுதியிருந்தான்.

வரும் சனிக்கிழமை பௌர்ணமிக்கு மறுநாள். காலை ஒன்பதரை வாக்கில் உயர்மட்டம். ஆறரைக்கு இறங்கினால் ஏற்றத்தோடு மேலே போய், பத்து மணிக்கு இறக்கத்தோடு கீழே வந்துவிடலாம். இருவருமே துடுப்போடுதான் போகிறோம்.